பேரவையில் தாரியாவுக்கு ஓர் இடம்

மார்ச் 4, செவ்வாய்

ஐந்து நாளாக மழை. துணி எதுவும் காயவில்லை. என் வீட்டுக்காரர் அபிசாய் வராந்தாவில் குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு கட்டிவிட்டார். எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் என் பாவாடைகளுக்குத் தலைவணங்கித்தான் உள்ளே வர வேண்டியிருக்கிறது.

பேரவையின் செயலாளர் போடிலிடமிருந்து மின்னஞ்சல். டென்மார்க்கில் உட்கார்ந்து அவர் எழுதும் கடிதங்களில் ஒரு சொல்கூடக் கூடுதலாக இருக்காது. இதுவும் நாலே வரி. தாரியாவின் நாட்டில் எங்கள் உறுப்புக் குழுவை அரசாங்கம் கலைத்துவிட்டது. குழு இல்லையென்றால் அதன் சார்பில் செயற்குழுவில் இருப்பவரின் பதவி வரும் பொதுக்குழுவோடு முடிகிறது. அது விதி. தலைவர் என்ற முறையில் என் கவனத்துக்கு.

தலைவர்! மூன்று வருஷம் ஆகப்போகிறது. இன்னும் அந்தச் சொல்லைப் பார்த்தால் வேறு யாரையோ சொல்வதாகத் திரும்பிப் பார்க்கத் தோன்றுகிறது. பெண்களின் வாழ்வையும் வரலாற்றையும் ஆராய்கிறவர்கள், நாற்பதுக்கு மேற்பட்ட நாடுகளிலிருந்து சேர்ந்த பேரவை. அதற்கு ஃபிஜியில், லகெம்பாத் தீவில் பிறந்த இந்த வாசெமதா தலைவர். நான் தேர்ந்தெடுக்கப்பட்ட மாநாட்டில் கொடுத்த துணிப்பையில் உலகப்படம் அச்சடித்திருந்தார்கள். ஃபிஜி இருக்க வேண்டிய இடத்தில் பையின் தையல் வந்திருந்தது.

தாரியாவுக்கு எப்படிச் சொல்வது? அவள் எங்கள் வீட்டுக் கீழறையில்தான் இருக்கிறாள். ஜனவரியில் எங்கள் பல்கலைக்கழகத்துக்கு ஒரு வருஷ விருந்தினராக வந்தாள். அந்த நாட்டுக்குத் திரும்பிப் போக முடியாது என்று அவளுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

(தாரியா அவள் உண்மைப் பெயர் இல்லை. அவள் அக்கா இன்னும் அங்கேதான் இருக்கிறாள். சொந்த டைரியிலும் ஜாக்கிரதையாக எழுதப் பழகிவிட்டேன்.)

மார்ச் 5

சொன்னேன். அவளுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது.

"அலுவலகத்துக் கதவைப் போட்டோ எடுத்து அனுப்பியிருக்காங்க அக்கா. புதுப் பூட்டு போட்டிருக்கு. பூட்டு கெட்டுப்போச்சு, மாத்திக் குடுங்கன்னு நாங்க எத்தனை வருஷமா எழுதிக்கிட்டிருந்தோம் தெரியுமா?"

சிரித்தாள். நானும் சிரித்தேன். 

மார்ச் 9, ஞாயிறு

தாரியா இன்றும் எங்களோடு சர்ச்சுக்கு வந்தாள். அவளுக்கு எங்கள் மதம் இல்லை. எந்த மதமும் இல்லை என்றுதான் சொல்கிறாள். பாட்டுக்காக வருகிறாளாம். கீழ்க்குரல் ஆண்கள் ஆரம்பித்ததும் பெஞ்சு அதிர்கிறது, அது பிடித்திருக்கிறது என்றாள். அபிசாய் கீழ்க்குரல்காரர். இதைக் கேட்டதிலிருந்து அவர் நடையே மாறிவிட்டது.

மதியம் சேம்பிலையைத் தேங்காய்ப்பாலில் வேகவைத்தோம். அவள் மூன்று முறை வாங்கிக்கொண்டாள். கப்பலில் இன்ஜின் ஓட்டி ஓய்வுபெற்ற மனுஷனுக்குத் தன் சமையலை ருசிக்க ஒரு ஆள் கிடைத்துவிட்டால் பிடிக்க முடியாது. நாளைக்கு நண்டாம்.

மார்ச் 21, வெள்ளி

செயற்குழு கூடியது. திரையில்தான். எங்களுக்கு விளக்கு வைக்கும் நேரம், போடிலுக்குக் காலைக் காப்பி.

நினைத்ததைவிட மோசம். தாரியாவின் அரசாங்கம் பழைய குழுவைக் கலைத்ததோடு நிற்கவில்லை. 'குடும்ப நல மகளிர் ஆய்வு மன்றம்' என்று ஒன்றைத் தானே தொடங்கி, அதை உறுப்புக் குழுவாகச் சேர்த்துக்கொள்ளச் சொல்லி விண்ணப்பமும் போட்டிருக்கிறது. அதாவது தாரியா எழுந்ததும் அவள் இடத்தில் அவர்கள் உட்காருவார்கள்.

தாரியாவும் கூட்டத்தில் இருந்தாள். கீழறையில் அவள், மேலே நான், நடுவில் என் வீட்டுப் பலகைத் தளம். அவள் இருமுவது திரையிலும் கேட்டது, காலடியிலும் கேட்டது.

நாடு கடந்து வாழும் குழுக்களையும் ஏற்கலாம் என்று விதியைத் திருத்துவோம் என்றேன். போடில் முடியாது என்று தலையசைத்தார். திருத்தத்தை ஆறு மாதத்துக்கு முன்பே சுற்றுக்கு விட்டிருக்க வேண்டுமாம். ஆகஸ்டுக்கு அவ்வளவு நாள் இல்லை.

"நாம அவங்க போட்ட பூட்டையே நம்ம கதவுலயும் போடறோம், போடில்," என்றேன்.

அவர் கோபப்படவில்லை. பின்னல் ஊசியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "வாசெமதா, நாம நல்லவங்கன்னு நெனச்சு இன்னிக்கி விதியை வளைச்சா, நாளைக்கி வர்றவங்களும் தங்களை நல்லவங்கன்னுதான் நெனப்பாங்க. எனக்கு தாரியாவை உங்களுக்கு முன்னாடியே தெரியும். ஆனா விதி விதிதான்."

விதியாம் விதி! பத்து வருஷமா நம்ம செய்தி மடலை ஒத்த ஆளா நின்னு கொண்டு வந்தவ அவ. ராத்திரி பகல் பாக்காம ஒவ்வொருத்தர் கட்டுரையையும் திருத்தினவ. அவளைப் பாத்து, உன் நாட்டுல உன்னைத் தொரத்திட்டாங்க, அதனால நாங்களும் தொரத்தறோம்னு சொல்லணுமா? எந்த வாயால சொல்றது?

 கூட்டம் முடிந்ததும் தாரியா படியேறி வந்து, போடில் சொல்வதில் நியாயம் இருக்கிறது என்றாள். எனக்கு அவள் மேலும் கோபம் வந்தது.

மார்ச் 22

போடிலுக்குக் கொஞ்சம் சுருக்கென்று எழுதிவிட்டேன். பதிலாக வந்தது அவர் பேரன் படகில் உட்கார்ந்திருக்கும் படம். கீழே, 'நாம் இருவரும் தாரியாவை விரும்புகிறோம். அதை மறக்க வேண்டாம்.' அவருக்கு வேலை விஷயத்தைத் தவிர வேறு எழுதத் தெரியாது என்று நினைத்திருந்தேன்.

ஏப்ரல் 12, சனி

எங்கள் ஊரான சுவாவில், தித்திலியா அக்கா வீட்டில் குழு கூடியது. எங்கள் ஃபிஜிக் குழுவுக்கு அவர்தான் தலைவி. இளவயதில் ஆயத்த ஆடை ஆலையில் தையல் போட்டவர். சங்கம் சேர்த்ததற்காக வேலை போய், அப்புறம் படித்து, விரிவுரையாளராகி, என்னையும் ஆய்வுக்கு இழுத்துவிட்டவர். இப்போது ஆலைப் பெண்களின் கதைகளை ஒலிப்பதிவு செய்துகொண்டிருக்கிறோம். ஆலைகள் மூடி எத்தனையோ காலமாகிவிட்டது, அந்தப் பெண்களுக்கும் வயதாகிறது.

தாரியா இரண்டு மாதமாக இந்த வேலையில் இருக்கிறாள். மற்றவர்கள் கூலி, நேரம் என்று கேட்கும்போது இவள், மேற்பார்வைக்காரன் வந்தால் எப்படி ஒருத்திக்கொருத்தி எச்சரிக்கை கொடுத்துக்கொள்வீர்கள் என்று கேட்கிறாள். பக்கத்து ஊர் நசினுவில் ஒரு அம்மாள் அதைக் கேட்டதும் எழுந்து நின்று, மேஜையில் விரல் நகத்தால் தட்டிக் காட்டினாளாம். தட்டிவிட்டு அழுதாளாம். தாரியாவின் ஊரிலும் நெசவாலைகள் உண்டு.

கூட்டம் முடிந்து எங்கள் ஊர்ப் பானமான யங்கோனாவை, வேர்ப்பொடியைத் தண்ணீரில் கரைத்துக் கலக்கினார்கள். தாரியா கொட்டாங்கச்சியை ஒரே மூச்சில் காலிசெய்துவிட்டுக் கைதட்டினாள். தப்பான இடத்தில் தட்டினாள். யாரும் திருத்தவில்லை.

ஏப்ரல் 18, புனித வெள்ளி

விதிப் புத்தகத்தை இன்னொரு முறை படித்தேன். போடிலுக்குத் தெரியாததா, எனக்குத் தெரியாததா! ஆனாலும் படித்தேன்.

செயற்குழுவுக்கு ஆள் நிறுத்தும் உரிமை உறுப்புக் குழுக்களுக்கு. நிறுத்தப்படுகிறவர் அந்த நாட்டுக்காரராக இருக்கத் தேவையில்லை, அந்தக் குழுவோடு வேலை செய்கிறவராக இருந்தால் போதும். ஒரு குழுவிலிருந்து ஒருவர் மட்டும், தலைவரும் அந்தக் கணக்கில் சேர்த்தி.

அப்படியானால் ஏதாவது ஒரு குழு தாரியாவைத் தன் ஆளாக நிறுத்தலாம். எந்தக் குழு?

ஏப்ரல் 30

தாரியா சேர்ந்து வேலை செய்திருக்கும் குழுக்களில் நாலோடு தனித்தனியே பேசினேன். ஒரு குழுவுக்குத் தன் அரசாங்கத்தை நினைத்துப் பயம். இரண்டு குழுக்களுக்கு ஏற்கெனவே சொந்த ஆள் இருக்கிறது. நாலாவது யோசித்துச் சொல்கிறோம் என்றது. அந்தக் குரலிலேயே பதில் இருந்தது.

டோங்கா பாக்கி. அங்கே ஃபுசி.

அவளை எப்படிக் கேட்பேன்? மூன்று வருஷத்துக்கு முன் தலைவர் பதவிக்கு என்னோடு நின்று, கைவிரலில் எண்ணக்கூடிய ஓட்டில் தோற்றவள். இந்த ஆகஸ்டில் டோங்கா சார்பில் செயற்குழுவுக்கு நிற்கப் போகிறாள். லகெம்பா சேர்ந்த எங்கள் லௌத் தீவுக்கூட்டத்துக்காரர்களும் டோங்காக்காரர்களும் முறை உள்ளவர்கள், கேலி செய்தால் கோபித்துக்கொள்ளக் கூடாது என்பது சம்பிரதாயம். "எங்க ஆளுங்க படகேறி வந்திருக்காட்டி உங்களுக்கு நாகரிகம் ஏதுடி"ன்பாள். "எங்க மரம் இல்லேன்னா உங்களுக்குப் படகு ஏது"ன்பேன். முப்பது வருஷமாக இதே பேச்சு. ஆனால் கேலி வேறு. ஒரு முறை அவளிடமிருந்து எடுத்துக்கொண்டதற்கு மேல் இன்னொரு முறை கேட்பது வேறு.

கேட்கமாட்டேன்.

மே 3

மிச்சம் இருப்பது ஒரே குழு. எங்கள் குழு.

மே 4, ஞாயிறு

சர்ச்சில் ஒரு வார்த்தை காதில் விழவில்லை. நான் இரண்டாம் முறை நிற்கப் போகிறேன் என்பது எல்லாருக்கும் தெரிந்த விஷயம். எதிர்த்து நிற்க ஆளில்லை. முதல் முறையாக எங்கள் தீவுகளில் மாநாடு. அதுவும் சுவாவில், என் ஊரில், நான் தலைவராக இருக்கும்போது.

வேண்டும் எனக்கு. இன்னொரு மூன்று வருஷம் வேண்டும். டைரியில்கூடப் பொய் சொன்னால் எப்படி?

அபிசாயிடம் சொன்னேன். அவர் படகு இன்ஜினைத் துடைத்துக்கொண்டிருந்தார். ரொம்ப நேரம் துடைத்தார். பிறகு, "நீ ஏற்கெனவே முடிவு பண்ணிட்டே. என்னைக் கேக்கறது, நான் வேணாம்னு சொல்லுவேனான்னு பாக்கத்தானே?" என்றார்.

"சொல்லுவீங்களா?"

"மாட்டேன். நீ வருத்தப்படுவேன்னு மட்டும் சொல்லுவேன். வருத்தப்பட்டாலும் பரவாயில்ல, வீட்ல இருப்பே."

மே 17, சனி

தித்திலியா அக்கா வீட்டில் சொல்லிவிட்டேன். ஆகஸ்டில் நான் நிற்கவில்லை, என் இடத்தில் குழு தாரியாவைச் செயற்குழுவுக்கு நிறுத்தட்டும் என்று. தாரியா இன்று நசினுவில் ஒலிப்பதிவில் இருந்தாள். வேண்டுமென்றேதான் அந்த நாளைப் பார்த்தேன்.

 மரச்சட்டியில் யங்கோனா அப்படியே இருந்தது. தித்திலியா அக்கா தன் பாயின் ஓரத்தைத் தடவிக்கொண்டே ஆரம்பித்தார்.

"வாசே, அந்த நாற்காலி உன்னோடதா?"

"இல்லக்கா."

"அப்போ அதை நீ யாருக்கும் குடுக்க முடியாது. நாங்கதான் உன்னை அங்க ஒக்கார வெச்சோம். இந்தக் கடல்ல இருக்கற அத்தனை தீவும் சேர்ந்து. நீ எழுந்தா, அந்தத் தலைவர் நாற்காலி மறுபடி வடக்க, பெரிய நாடுகளுக்குப் போயிடும். திரும்பி வர இன்னும் எத்தனை வருஷம் ஆகும்னு நெனச்சியா?"

நினைக்கவில்லை. சத்தியமாக, என் வருத்தத்தை மட்டும்தான் நினைத்திருந்தேன். விட்டுக்கொடுப்பது என் சொத்து என்று நினைத்து, இரண்டு வாரமாகக் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தேன்.

குழு முடிவு செய்யும் என்றார்கள். அவர்கள் பேச என்னை வெளியே போகச் சொன்னார்கள். அவர் வீட்டு வாசலில் பப்பாளி மரத்தடியில் நின்றேன். உள்ளே குரல்கள் ஏறி இறங்கின. ஒரு முறை யாரோ சிரித்தார்கள். கடைசியில் தித்திலியா அக்கா வெளியே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். தாரியா இல்லாவிட்டால் ஆலைப் பெண்களின் வேலையில் பாதி நடந்திருக்காது, அவள் எங்கள் ஆள், நிறுத்துகிறோம் என்று முடிவாம். ஆனால் தலைவர் நாற்காலி விஷயத்தில் அவருக்கு இன்னும் என்மேல் கோபம்.

"அந்த நாற்காலிக்கு ஒரு வழி பண்ணாம நீ தூங்கக் கூடாது," என்றார்.

மே 18

தாரியாவுக்குத் தெரிந்துவிட்டது. என்னோடு பேசவில்லை.

மே 19

அபிசாய் பிடித்து வந்த மீனையெல்லாம் உட்கார்ந்து செதில் சுரண்டுகிறாள். நாளைக்குத் தேவையானதையும் சேர்த்து.

மே 20

இன்று மாலை வெடித்தது.

"நீங்க உக்காந்த எடத்துல நான் உக்கார மாட்டேன் அக்கா. உங்க வீட்ல தூங்கறேன், உங்க சாப்பாட்டைச் சாப்பிடறேன். அதுக்கு மேல இதையும் வாங்கிக்கிட்டா நான் யாரு?"

 நான் கொடுக்கிறேன் என்று நினைத்திருக்கிறேனே தவிர, வாங்குகிறவளுக்கு எப்படி இருக்கும் என்று நினைக்கவில்லை. தித்திலியா அக்கா சொன்னதும் இதையேதான், வேறு பக்கத்திலிருந்து.

அவருக்கே போன் செய்தேன். டாக்சி பிடித்து வந்துவிட்டார். நேரே கீழறைக்குப் போனார். கதவு திறந்தே இருந்ததால் கேட்டது. "உனக்கு யாரும் எதுவும் தரல. குழுவுக்கு வேலை செய்ய ஆள் வேணும், உன்னை அனுப்பறோம். இஷ்டமில்லேன்னா சொல்லு, ஆனா விருந்தாளி மாதிரி வெக்கப்பட்டுக்கிட்டுச் சொல்லாதே. வேலைக்காரி மாதிரி சொல்லு." தாரியா அழுவது கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து இரண்டு பேரும் மேலே வந்து, மீன் எங்கே என்று கேட்டார்கள்.

ஜூன் 1, ஞாயிறு

ஃபுசி போன் செய்தாள், டோங்காவிலிருந்து. சுவாப் பெண்கள் வாயில் எதுவும் தங்காது என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கேலியில்லை, வணக்கமில்லை.

"நாலு குழுவைக் கேட்டியாமே. எங்களை ஏன் கேக்கல?"

உன்னைச் சங்கடப்படுத்த வேண்டாமே என்று ஏதோ இழுத்தேன்.

"கேட்டிருந்தா மாட்டேன்னுதான் சொல்லியிருப்பேன். நான் அந்த எடத்துக்கு நிக்கணும்னு மூணு வருஷமா உழைச்சிருக்கேன். மாட்டேன்னு முகத்துக்கு நேரா சொல்லியிருப்பேன். ஆனா அதைச் சொல்றதுக்கு எனக்கு உரிமை இருக்கு வாசே. நீயே எனக்குப் பதிலா சொல்லிக்கிட்டே. நான் சின்ன மனசுக்காரின்னு தீர்ப்பு எழுதிட்டே."

"அப்படியில்ல ஃபுசி—"

"அப்படித்தான்."

வைத்துவிட்டாள். முப்பது வருஷத்தில் அவள் என்னோடு இப்படிப் பேசியதில்லை. அவள் சொன்னது சரி என்பதுதான் தாங்க முடியவில்லை.

ஜூன் 3

அபிசாய் சொன்னார்: மன்னிப்பு என்றால் போனில் கேட்பதா?

ஜூன் 14, சனி. நுக்குஅலோஃபா, டோங்கா

விமானத்தில் வந்தேன். மடியில் பாய். எங்கள் தீவில் நெய்தது, தித்திலியா அக்கா கொடுத்தது. கொடுக்கும்போது, "போய் உருப்படியா பேசிட்டு வா. நாற்காலி ஞாபகம் இருக்கட்டும்," என்றார்.

ஃபுசி வீட்டு முற்றத்தில் பாயை வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தேன். முறைப்படி தலை குனிந்து, கேட்காமல் விட்டது என் தப்பு என்றேன். ஃபுசி நின்றபடி கேட்டாள். அவள் வீட்டுப் பன்றிக்குட்டி ஒன்று வந்து பாயை முகர்ந்தது. இரண்டு பேருமே சிரிக்காமல் இருக்கப் படாத பாடுபட்டோம். ஃபுசிதான் முதலில் தோற்றாள்.

"ஃபிஜிப் பாயா? பன்னிக்குக்கூடப் பிடிக்கல பாரு," என்றாள். அப்புறம் என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

சாப்பிட்டோம். வள்ளிக்கிழங்கு, மாட்டுக்கறி, தேங்காய்ப்பாலில் இலை. சாப்பிட்டு முடிந்த பிறகு கேட்டேன். இந்த முறை நேராகக் கேட்டேன்.

"ஃபுசி, நான் நிக்கல. தலைவர் பதவிக்கு நீ நில்லு."

அவள் கை கழுவிக்கொண்டிருந்தாள். தண்ணீரை நிறுத்தவில்லை.

"நீ வேணாம்னு விட்டதையா எனக்குக் குடுக்கறே?"

"எனக்கு வேணும். ரொம்ப வேணும். அதனாலதான் உன்னைக் கேக்கறேன். வேற யார்கிட்ட போனாலும் எனக்கு வயிறு எரியும்."

அவள் தண்ணீரை நிறுத்தினாள்.

"என்கிட்ட வந்தா எரியாதா?"

"எரியும். ஆனா உன்னைத் திட்டறதுக்கு எனக்கு உரிமை இருக்கே."

யோசித்துச் சொல்கிறேன் என்றாள். இந்தக் குரலில் பதில் வேறு மாதிரி இருந்தது.

ஜூலை 5

ஃபுசி நிற்கிறாள். வடக்கிலிருந்தும் ஒருவர் நிற்கிறார், நல்ல அறிஞர், எங்களுக்கெல்லாம் உதவியவர். எளிதாக இருக்காது.

ஒவ்வொரு குழுவுக்கும் போன் செய்து ஃபுசியின் அருமை பெருமைகளைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பொறுமைசாலி என்று ஒருவரிடம் சொன்னேன். கடவுள் மன்னிக்கட்டும்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

நாளை மாநாடு. போடில் வந்து இறங்கிவிட்டார். மூன்று வருஷமாகத் திரையிலேயே பார்த்து, இவ்வளவு உயரம் என்பதே மறந்துபோயிருந்தது. ஹோட்டலில் இருக்கச் சொன்னால், தாரியா இருக்கும் வீட்டைப் பார்க்க வேண்டும் என்று நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். இருவரும் வாசலில் கட்டிக்கொண்டு நின்றதைப் பார்த்து அபிசாய் குளியலறைக்குள் போய்விட்டார்.

பிறகு போடில் என்னிடம், தாரியாவை ஃபிஜிக் குழு நிறுத்துவது விதிக்கு முற்றிலும் உட்பட்டது என்று கையைக் குலுக்கிச் சொன்னார். வேறொருவராக இருந்தால் வாழ்த்துகள் என்றிருப்பார்.

"ஆனா அந்தப் புது மன்றம் விஷயத்துல நான் மாறல," என்றும் சேர்த்துக்கொண்டார். "விண்ணப்பம் முறையா இருக்கு. சேர்த்துக்கணும்."

"நாங்க எதிர்த்துப் பேசுவோம்."

"பேசணும். அதுக்குத்தானே பொதுக்குழு."

ஆகஸ்ட் 14, வியாழன்

பொதுக்குழு. எழுதக் கை ஓடவில்லை, ஆனாலும் மறக்கும் முன் எழுத வேண்டும்.

முதலில் புது மன்றத்தின் விண்ணப்பம். அதன் தலைவர் திரையில் வந்தார். பின்னால் பூச்சாடி. மரியாதையான மனிதர், குரலை உயர்த்தவே இல்லை. நான் மேடையில் கூட்டத்தை நடத்தியதால் பேச முடியவில்லை. தித்திலியா அக்கா எங்களுக்காக எழுந்து, தையல் ஆலை முதலாளிகள் தாங்களே ஒரு சங்கம் தொடங்கித் தொழிலாளிகளை அதில் சேரச் சொன்ன கதையைச் சொன்னார். கைதட்டல் ஓயவில்லை. ஓட்டெடுத்தால் நிராகரிப்புதான் என்று தெரிந்தது. எனக்குள் ஒரு சந்தோஷம் ஏறியது.

அப்போது தாரியா கை தூக்கினாள். திரையில் இருந்தவரிடம் ஒரே கேள்வி: உங்கள் மன்றத்தில் ஆய்வு செய்கிறவர்களின் பெயர்களைப் படிக்க முடியுமா?

அவர் படித்தார். பன்னிரண்டு பெயரோ என்னவோ. தாரியா கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். முடிந்ததும் எழுந்து நின்றாள். 

"அதுல நாலு பேர் என்கிட்ட படிச்ச பொண்ணுங்க. அவங்களுக்குப் பிழைப்பு வேணும், போயிருக்காங்க. நான் அங்க இருந்திருந்தா என்ன பண்ணியிருப்பேன்னு எனக்குத் தெரியல. தயவுசெஞ்சு கதவை அடைச்சிடாதீங்க. திறக்கவும் வேணாம். அடுத்த பொதுக்குழு வரைக்கும் ஒத்திப்போடுங்க. அதுக்குள்ள நாம யாராவது போய் அந்தப் பொண்ணுங்களைப் பாக்கணும்."

 அவளை விரட்டியவர்களை விரட்ட ஒரு கூட்டமே தயாராக நின்றது. அவள்தான் வேண்டாம் என்றாள். நான் போடிலைப் பார்த்தேன். அவர் குறிப்பெடுப்பதை நிறுத்திவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். என் வாதமும் ஜெயிக்கவில்லை, அவருடையதும் ஜெயிக்கவில்லை.

ஒத்திவைப்பு. ஏறக்குறைய எல்லாக் கைகளும் உயர்ந்தன.

அடுத்து தேர்தல். செயற்குழுவுக்கு, ஃபிஜிக் குழுவின் சார்பில், தாரியா. போடில் அவள் உண்மைப் பெயரை முழுசாக, திருத்தமாக வாசித்தார். யாரும் எதிர்க்கவில்லை.

தலைவர் ஃபுசி. இரண்டாம் சுற்றில்தான். என் நாற்காலிக்கு அவள் வந்தபோது நான் எழுந்து வழிவிட்டேன். காதருகே குனிந்து, "சூடு பண்ணி வெச்சிருக்கே, நன்றி," என்றாள். கீழே இறங்கி எங்கள் குழுவோடு உட்கார்ந்தேன். தித்திலியா அக்கா என்னைப் பார்க்காமலே தன் விசிறியை என் பக்கமாகத் திருப்பி வீசினார்.

கண் கலங்கியது. சந்தோஷமா, மற்றதா என்று பிரித்துப் பார்க்கவில்லை.

ஆகஸ்ட் 17

போடில் கிளம்பிவிட்டார். சர்ச்சில் பெரிய தொப்பி போட்டு உட்கார்ந்து, எல்லாப் பாட்டையும் அரை அடி பின்னால் பாடினார். போகும்போது, தாரியாவின் நாட்டுக்குப் போய் அந்தப் பெண்களைப் பார்க்கத் தானே போகலாம் என்று நினைப்பதாகச் சொன்னார், செயற்குழு அனுமதித்தால். அவர் வயதில்!

செப்டம்பர் 2

மூன்று வருஷத்துக்கு முன் பாதியில் நிறுத்திய என் சொந்தப் புத்தகத்தைத் தூசி தட்டினேன். முதல் அத்தியாயம் படு மோசம்.

செப்டம்பர் 24, புதன்

புதிய செயற்குழுவின் முதல் கூட்டம். ஃபுசி தலைமை. தாரியா கீழறையில் கதவைச் சாத்திக்கொண்டாள்.

நான் சமையலறையில் மரவள்ளிக்கிழங்கு உரித்தேன். பலகைத் தளத்தின் வழியாகச் சத்தம் மட்டும் வருகிறது, வார்த்தை பிடிபடவில்லை. ஒரு முறை தாரியா உரக்கப் பேசினாள். ஒரு முறை எல்லாரும் சிரித்தார்கள். நான் கத்தியைக் கீழே வைத்துவிட்டேன். அபிசாய் என்னைப் பார்த்தார். திரும்ப எடுத்து உரித்தேன்.

போடில் போவதற்கு அனுமதி கிடைத்ததா? அந்த நாலு பெண்களைப் பற்றி என்ன பேசினார்கள்? அங்கே போவது ஆபத்தில்லையா? யார் கூடப் போவது? எனக்குத் தெரியாத ஒரு கூட்டம் என் வீட்டிலேயே நடக்கிறது.

தாரியா மேலே வந்தபோது சோறு ஆறியிருந்தது. கன்னம் சிவந்திருந்தது. தட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நான் சும்மா கேட்பதுபோலக் கேட்டேன், போடில் விஷயம் என்ன ஆச்சு என்று.

அவள் என்னைப் பார்த்தாள். ரொம்ப வருத்தத்தோடு, ரொம்ப மரியாதையோடு சொன்னாள்:

"மன்னிச்சுக்குங்க அக்கா. செயற்குழு விஷயம். வெளிய சொல்லக்கூடாது."

அபிசாய் மீன் துண்டைத் தட்டில் போட்டுவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். மூன்று வருஷமாக என்னிடம் இதே பதிலை வாங்கிய மனுஷன். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்.

தாரியாவின் தட்டில் பெரிய துண்டாகப் பார்த்து வைத்தேன். "சரிதான், சாப்பிடு," என்றேன்.